டிமென்ஷியா உள்ள வீடுகளுக்கு அக்கம்பக்கத்தில் ஒரு துணைக் குழு அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிமென்ஷியா (நினைவும் யோசிக்கும் திறனும் படிப்படியாகக் குறையும் மூளைக் கோளாறு) வந்த ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை நம் ஊரில் கடைசியில் ஒரே ஒருவர் தலையில்தான் விழும். பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் மருமகள், அல்லது கூடவே தங்கிவிட்ட மகள். அவருக்குத் தூக்கம் போகும், வேலை போகும், கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போவது நின்றுவிடும், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அவருக்கே பிரஷர் ஏறியிருக்கும். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு "நீ இருக்கறதால எங்களுக்குக் கவலையில்ல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். அந்த ஒருவரின் பாரத்தை ஒரு தெருவோ, ஒரு அபார்ட்மென்ட்டோ, ஒரு கிராமமோ எப்படிப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். ஆறேழு பேர், ஒரு நோட்டு, வாரத்தில் சில மணி நேரம். தொடங்குவதற்கு இது போதும்.

"எங்க தெருவுல அப்படி யாரும் இல்லையே" என்று உங்களுக்குத் தோன்றலாம். 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டது. உங்கள் பகுதியில் 60 தாண்டியவர்கள் நூறு பேர் இருந்தால் ஏழு வீட்டில் இது நடந்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டு. கண்ணில் படாததற்குக் காரணம், "வயசாச்சுன்னா மறதி வரும்தானே" என்று வீட்டிலேயே சொல்லிக்கொள்வதும், வெளியே தெரிந்தால் பைத்தியம் என்பார்களோ என்று பயந்து கதவைச் சாத்திக்கொள்வதும்தான்.

மருத்துவம் படிக்காதவர்களால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு கோவாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே 80-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2008-இல் வெளியானது. பன்னிரண்டாம் வகுப்பு அளவு படித்த உள்ளூர்க்காரர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது வீட்டுக்குப் போய் குடும்பத்தோடு பேசவும் யோசனை சொல்லவும் வைத்தார்கள், மனநல மருத்துவர் ஒருவர் பின்னால் இருந்து மேற்பார்வை பார்த்தார். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மன அழுத்தம் குறைந்திருந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேச ஓர் ஆள் இருப்பது அந்த அளவுக்கு வேலை செய்கிறது.

முதல் படி: இது டிமென்ஷியாதானா என்று உறுதி செய்யுங்கள்

குழு, கூட்டம் எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். மறதி போலவே தோற்றம் காட்டி, சிகிச்சை எடுத்தால் பெருமளவு சரியாகிவிடக்கூடிய சில கோளாறுகள் இருக்கின்றன: பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கசிந்திருப்பது, மூளைக்குள் நீர் சேர்வது, காது கேட்காமல் போவது. சில மாத்திரைகளும் குழப்பத்தைக் கூட்டும். ஒவ்வாமைக்கும் சளிக்கும் கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் அதில் முக்கியமானவை. அதனால் டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் அல்லது மனநலப் பிரிவு ஓபிக்குப் போகலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு இருக்கிறது, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பார்கள். கூடப் போகிறவர் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதி எடுத்துப் போனால் டாக்டருக்கு நேரம் மிச்சம்: முதலில் என்ன மாறியது, எப்போதிலிருந்து, இப்போது தனியாகச் செய்ய முடியாதவை என்னென்ன. நோயாளியின் முன்னாலேயே "எல்லாத்தையும் மறந்துடறாரு டாக்டர்" என்று சொல்வதை விட இந்தத் தாளை நீட்டுவது மரியாதை.

ஒன்றை மட்டும் குழுவில் உள்ள எல்லோரும் மனப்பாடமாக வைத்திருங்கள். டிமென்ஷியா பெரும்பாலும் மெதுவாகத்தான் முற்றும். நேற்று வரை ஓரளவு சரியாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று பிதற்றுகிறார், எப்போதும் தூங்குகிறார் அல்லது ஆள் அடையாளமே தெரியவில்லை என்றால், அது வேறு ஏதோ. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, மலச்சிக்கல், மருந்து மாற்றம் என்று எதுவாகவும் இருக்கலாம். "நோய் முத்திடுச்சு" என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது படி: பராமரிப்பவரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று சொன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்பதற்கே கூச்சம், தவிர எதைக் கேட்பது என்று யோசிக்கவும் அவருக்குத் தெம்பு இருக்காது. அதற்குப் பதிலாக நாளையும் நேரத்தையும் நீங்களே சொல்லுங்கள்: "அக்கா, செவ்வாய்க்கிழமை பத்து மணியிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நான் வந்து மாமாகூட உக்காந்திருக்கேன், நீங்க வெளிய போயிட்டு வாங்க." முதல் தடவை "பரவால்லம்மா, எதுக்கு உனக்குச் சிரமம்" என்பார். விட்டுவிடாமல் அடுத்த வாரமும் கேளுங்கள்.

அவர் சம்மதித்த பிறகு தனியாக உட்கார்ந்து சில விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி எத்தனை முறை எழ வேண்டியிருக்கிறது, கடைசியாக எப்போது வெளியே போனார், அவருடைய சொந்த மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறாரா, ஒரு நாளில் எந்த நேரம் மிகக் கஷ்டம். கடைசிக் கேள்விதான் ரொம்பப் பயன்படும். சிலருக்குக் குளிக்க வைக்கும் நேரம், சிலருக்கு மாலை ஐந்து மணிக்கு மேல். உங்கள் குழு அந்த நேரத்தில் ஆளைப் போட்டால், ஒரு மணி நேர உதவி நான்கு மணி நேர உதவியின் பலனைத் தரும்.

மருமகள் பார்த்துக்கொள்ளும் வீடாக இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். வெளியாள் வந்து உதவுவது "இவளால பாத்துக்க முடியல, ஊரக் கூட்டறா" என்று குடும்பத்துக்குள் பேச்சாக மாறலாம். அதனால் முதலில் அந்த வீட்டில் பெரியவராக இருக்கும் மகனிடமோ நாத்தனாரிடமோ குழுவே போய்ப் பேசிவிட வேண்டும். அந்தப் பேச்சையும் மருமகள் தலையில் கட்டக் கூடாது.

மூன்றாவது படி: குடும்பத்துக்குள் ஒரு பங்கீடு

அண்ணன் துபாயில், தங்கை பெங்களூரில், பார்த்துக்கொள்வது ஊரில் இருக்கும் நடுப்பிள்ளை. இது சகஜம். தூரத்தில் இருப்பவர்களால் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது: மாதாமாதம் ஒரு தொகை, டயப்பரும் மருந்தும் ஆன்லைனில் வரவைப்பது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், இன்ஷூரன்ஸ் பேப்பர், பகல் வேளையில் ஓர் அட்டெண்டருக்குச் சம்பளம். வருடத்தில் பத்து நாள் வந்து பொறுப்பை முழுசாக ஏற்றுக்கொண்டு, பார்த்துக்கொள்பவரை எங்காவது அனுப்பிவைப்பது எல்லாவற்றையும் விடப் பெரிய உதவி. இந்தப் பேச்சை எடுக்கக் குடும்பத்தில் எல்லோரும் மதிக்கும் ஒருவரை, தாய்மாமனோ ரிட்டயர்டு வாத்தியாரோ, கூட வைத்துக்கொள்ளுங்கள். சொத்துப் பேச்சு நடுவில் வந்தால் அதை வேறு நாளுக்குத் தள்ளிவிடுங்கள்.

நான்காவது படி: ஆட்களைச் சேர்ப்பது

பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பெரிய குழுக்களில் "யாராவது போவாங்க" என்று எல்லோரும் நினைத்து யாரும் போக மாட்டார்கள். ஐந்து முதல் ஏழு பேர், அதில் இரண்டு பேராவது ஆண்கள் (வயதான ஆணைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக, ஷேவ் செய்துவிட), ஒருவர் கணக்கும் அட்டவணையும் பார்ப்பவர். ஓய்வு பெற்ற செவிலியரோ அங்கன்வாடி ஊழியரோ இருந்தால் அதிர்ஷ்டம். மகளிர் சுய உதவிக் குழு ஏற்கெனவே ஒழுங்காக நடக்கும் இடத்தில் புதிதாக எதையும் தொடங்காமல் அதற்குள்ளேயே இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்வது எளிது.

இவர்களைத் தவிர இன்னொரு வட்டம் இருக்கிறது, கூட்டத்துக்கெல்லாம் வர வேண்டாம், விஷயம் மட்டும் தெரிந்திருந்தால் போதும்: மளிகைக்கடைக்காரர், மெடிக்கல் ஷாப், ஆட்டோ ஸ்டாண்ட், அயர்ன் வண்டிக்காரர், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், கோயில் குருக்கள், மசூதி இமாம், சர்ச் உபதேசியார், டீக்கடை. ஒரே சாமானை நான்கு தடவை வாங்க வரும் பெரியவரை விரட்டாமல் "சார், காலைலயே வாங்கிட்டுப் போயிட்டீங்களே, வேணும்னா அப்புறம் குடுத்தனுப்பறேன்" என்று சொல்லி வீட்டுக்கு ஒரு போன் போடத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருந்தால், அந்தப் பெரியவர் இன்னும் இரண்டு வருடம் தெருவில் நடமாட முடியும்.

ஜப்பானில் 2005-லிருந்து இதைத் தேசிய அளவில் செய்கிறார்கள். கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என்று யார் வேண்டுமானாலும் சுமார் 90 நிமிட வகுப்பில் உட்கார்ந்து டிமென்ஷியா ஆதரவாளராகலாம், பல வருடங்கள் அடையாளமாகக் கையில் ஆரஞ்சு நிற வளையம் தந்தார்கள். நாமும் ஒன்றரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்ல வேண்டியவை சிலதான். எதிரே வந்து, முகம் பார்த்து, உறவுமுறையோடு கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். பதிலுக்குக் காத்திருங்கள். "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள், இது பாசத்தில் கேட்கப்படுகிறது என்பது தெரியும், ஆனால் பதில் தெரியாமல் விழிக்கும் அந்த நிமிடம் அவருக்கு அவமானம். அதற்குப் பதிலாக "மாமா, நான் கணேசன் பையன், எதிர்வீடு" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவரைப் பற்றி அவர் முன்னாலேயே அடுத்தவரிடம் பேசாதீர்கள்.

ஐந்தாவது படி: ஒரு பக்கக் குறிப்பு

வீட்டில் உதவிக்குப் போகும் எல்லோரிடமும் அந்த நபரைப் பற்றி ஒரே ஒரு பக்கம் இருக்க வேண்டும். எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் (பல பேருக்குச் சின்ன வயதுப் பெயர்தான் கடைசி வரை நிற்கும்), எந்த ஊரில் பிறந்தார், என்ன வேலை பார்த்தார், யார் பெயரைச் சொன்னால் முகம் மலரும், எந்தப் பேச்சை எடுக்கக் கூடாது, காபியா டீயா, சர்க்கரை உண்டா, விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கண்ணாடி, காது மிஷின், பல் செட் எங்கே இருக்கும். இறந்துபோன மகனையோ கணவனையோ தேடுவாரா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தெரியாமல் ஒருவர் "அவர் செத்துப்போய் பத்து வருஷமாச்சே பாட்டி" என்று சொன்னால் அந்தப் பாட்டி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்பதுபோல அழுவார். "அவரைப் பத்திச் சொல்லுங்க பாட்டி, எப்படி இருப்பாரு?" என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும்.

இந்தத் தாளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். ஒரு மனிதரின் அந்தரங்கம் அது. கையில் இருக்கட்டும்.

ஆறாவது படி: உட்கார்ந்திருக்கும் நேரம்

குழு வேறு எதையும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். வாரத்தில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், ஒவ்வொரு வீட்டுக்கும். முடிந்தவரை அதே ஆள், அதே நேரம். முதல் இரண்டு மூன்று தடவை பராமரிப்பவர் வீட்டிலேயே இருக்க, நீங்கள் விருந்தாளியாக வந்து காபி குடித்துவிட்டுப் போங்கள். முகம் பழகிய பிறகு அவர் பக்கத்துக் கடைக்குப் போய்வரட்டும், அப்புறம்தான் முழு இரண்டு மணி நேரம். அவர் அந்த நேரத்தில் தூங்குவதானாலும், கோயிலில் சும்மா உட்கார்ந்திருப்பதானாலும், அது அவர் இஷ்டம். "வெளிய போகாம தூங்கறாங்களே" என்று யாரும் முணுமுணுக்கக் கூடாது.

இரண்டு மணி நேரம் என்ன செய்வது? நினைவாற்றல் பயிற்சி கொடுக்க நாம் போகவில்லை. அவருக்குக் கைபழகிய வேலையைக் கூடச் சேர்ந்து செய்வதுதான் நல்ல வழி. கீரை ஆய்வது, பூக்கட்டுவது, மொச்சை உரிப்பது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது. தையல்காரராக இருந்தவருக்கு ஒரு துணியும் அளவு டேப்பும் கொடுங்கள், கணக்காளராக இருந்தவருக்கு ஒரு பழைய லெட்ஜர் நோட்டு. கணக்கு தப்பாக இருந்தால் திருத்தாதீர்கள். பல்லாங்குழியும் தாயமும் நன்றாகப் போகும், விதி மாறினாலும் பரவாயில்லை. பாட்டு பெரிய துணை. பேச்சு குறைந்துபோனவர்கள்கூட அவர்கள் இருபது வயதில் கேட்ட பாட்டுக்கு வாயசைப்பார்கள், திருப்புகழோ தேவாரமோ ஜெபமாலையோ சின்ன வயதில் மனப்பாடம் செய்திருந்தால் கூடவே சொல்லிக்கொண்டு வருவார்கள். டிவியில் நியூஸ் சேனலை மட்டும் அணைத்துவிடுங்கள், அதில் கத்துவது பக்கத்தில் நடக்கிறது என்று சிலருக்குப் படும்.

சில விஷயங்களுக்குத் தயாராகப் போங்கள். ஒரே கேள்வியை இருபது தடவை கேட்பார். இருபதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே பதில் சொல்ல முயலுங்கள், முடியாவிட்டால் எழுந்து, "வாங்க, வாசல்ல போய் நிப்போம்" என்று இடத்தை மாற்றுங்கள். "என் நகையை எடுத்துட்டா" என்று மருமகள் மேல் பழி சொன்னால் வாதாடாமல் "வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்று தேடுங்கள். எதையோ வைத்த இடம் மறந்து, அந்த இடைவெளியை மூளை தானாகவே ஒரு கதையால் நிரப்பிக்கொள்கிறது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மருமகளுக்கு அது தினம் ஒரு அடி. வெளியே வந்ததும் அவரிடம் "நாங்க யாரும் அதை நம்பலக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலேயே உட்கார்ந்து சொல்வது மாலையில் அதிகம் நடக்கும். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுவது, மதியம் நீண்ட தூக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்வது, அந்த நேரத்துக்கு ஒரு சின்ன நடை, பசிக்கு ஏதாவது கொடுப்பது, இவை ஓரளவு உதவும். அடம் பிடிப்பதுபோலத் தெரியும் பல விஷயங்களுக்குப் பின்னால் வலி, பசி, சிறுநீர் முட்டுவது, மலச்சிக்கல் இருக்கும், ஆனால் வாயால் சொல்லத் தெரியாது. முதலில் இவற்றைப் பாருங்கள்.

ராத்திரி தூங்குவதில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுப்பதைக் குழு ஒருபோதும் ஆதரிக்கக் கூடாது. கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைவதில் அது போய் முடியும். ஆவேசத்தை அடக்கக் கொடுக்கும் சில மனநோய் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு பக்கவாத ஆபத்தையும் இறப்பு ஆபத்தையும் கூட்டுகின்றன, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் தவிர வேண்டாம், கொடுத்தாலும் எப்போது நிறுத்தலாம் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

ஏழாவது படி: காணாமல் போனால்

இது நடக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். கழுத்தில் செயினோ கையில் வளையமோ, அதில் பெயரும் இரண்டு போன் நம்பரும். பர்ஸில் வைத்த கார்டு பர்ஸோடு போய்விடும், அதனால் சட்டைப் பையின் உள்பக்கத்திலும் ஜாக்கெட்டின் உள்பக்கத்திலும் நம்பரைத் தைத்துவிடுவது நல்லது. சமீபத்திய போட்டோ, முழு உருவமும் முகமும், பராமரிப்பவர் போனிலும் குழுவில் இரண்டு பேர் போனிலும் இருக்கட்டும். வாசல் கதவில் கண்ணில் படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடலாம், திறந்தால் மணி அடிக்கும்படியும் வைக்கலாம். ஆளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போவது மட்டும் கூடாது. தீப்பிடித்தால் அவரால் வெளியே வர முடியாது.

போய்விட்டால் முதல் பதினைந்து நிமிடத்தில் யார் எங்கே போவது என்று முன்பே பிரித்துவையுங்கள். ஒருவர் கிணறு, குளம், வாய்க்கால், ரயில்வே கேட் பக்கம் முதலில் ஓட வேண்டும். இன்னொருவர் பஸ் ஸ்டாப்புக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும். மற்றொருவர் அவருடைய பழைய வீடு, பழைய ஆபீஸ், வழக்கமான கோயில். வீட்டில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், அவரே திரும்பி வரலாம். கூடவே 112 அவசர எண்ணுக்குக் கூப்பிட்டு, "டிமென்ஷியா உள்ளவர், வழி தெரியாது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கிடைத்த பிறகு திட்டாதீர்கள், அவர் தொலைந்துபோனது அவருக்குத் தெரியாது.

ஜப்பானின் ஒமுதா நகரில் இதற்கென்றே ஒத்திகை நடத்துகிறார்கள், ஒருவர் வழிதவறியவர்போலத் தெருவில் நடப்பார், மற்றவர்கள் அவரைக் கண்டு எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்று பழகுவார்கள். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தெருவிலும் செய்யலாம். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

எட்டாவது படி: மாதம் ஒரு சந்திப்பு

பராமரிப்பவர்கள் மட்டும் சந்திக்கும் கூட்டம் ஒன்று வேண்டும். நூலகம், கோயில் மண்டபம், சர்ச் ஹால், விடுமுறை நாளில் பள்ளி வகுப்பறை, எங்கே வேண்டுமானாலும். கூட்டத்துக்கு வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டால்தான் கூட்டம் நடக்கும், இதை மறந்துவிட்டு "யாருமே வரல" என்று வருத்தப்படும் குழுக்கள் பல. முடிந்தால் கூடவே அழைத்து வரச் சொல்லிப் பக்கத்து அறையில் பாட்டும் டிபனுமாக வைத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் லைடன் நகரில் 1997-இல் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய அல்சைமர் கஃபே (அல்சைமர் என்பது டிமென்ஷியாவை உண்டாக்கும் நோய்களில் முக்கியமானது), டிமென்ஷியா உள்ளவரும் குடும்பமும் ஒரே இடத்தில் காபியோடு உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுவதற்காக உருவானது. நமக்கு சுண்டலும் காபியும் போதும்.

கூட்டத்தில் சொற்பொழிவு வேண்டாம். டாக்டரை அழைத்தால் இருபது நிமிடம், மீதி நேரம் கேள்வி. மற்ற மாதங்களில் அவர்களே பேசட்டும். ஒருவர் பேசி முடிக்கும் முன் யோசனை சொல்லக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். "சில நேரம் அவர் செத்துட்டா தேவலைன்னு தோணுது" என்று யாராவது சொன்னால் அதிர்ச்சி காட்டாதீர்கள். களைத்துப்போனவர்களுக்கு அப்படித் தோன்றுவது உண்டு, அதைச் சொல்ல அவருக்கு வேறு இடமில்லை. ஆனால் அவருக்கே வாழப் பிடிக்கவில்லை என்பதுபோலப் பேசினால் அன்றைக்கே பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஒன்பதாவது படி: அரசுத் திட்டங்களும் அமைப்புகளும்

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மருந்துகள் வீட்டுக்கே வரும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், இதை அலைந்து முடித்துக் கொடுப்பது குழுவின் வேலை. 14567 முதியோர் உதவி எண்ணில் ஓய்வூதியம், சட்டம், துன்புறுத்தல் பற்றியெல்லாம் கேட்கலாம். தகுதியுள்ளவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் உண்டு, 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது.

1992-இல் கேரளத்தின் குன்னங்குளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை இருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் டெம்கேர்ஸ் என்ற பெயரில் டிமென்ஷியாவுக்கென்றே சேவை நடத்துகிறது. இலங்கைத் தமிழர்களுக்கு, கொழும்பில் லங்கா அல்சைமர் அறக்கட்டளை இருக்கிறது. குழுவுக்குப் பயிற்சி தரவும் சிக்கலான வீடுகளுக்கு யோசனை சொல்லவும் இப்படி ஏதாவது ஒன்றோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது படி: பணம், கையெழுத்து, சொத்து

நோய் ஆரம்பத்தில் இருக்கும்போதே பேச வேண்டியது இது, தள்ளிப்போடவே கூடாது. வங்கிக் கணக்கை இருவர் பெயரில், யாராவது ஒருவர் எடுக்கலாம் என்ற முறையில் மாற்றுங்கள். நாமினி சரிபாருங்கள். உயில் எழுத இரண்டு சாட்சிகள் வேண்டும், அன்றைய தேதியில் மனத் தெளிவு இருந்தது என்று டாக்டரின் சான்று கூட இருந்தால் பின்னால் சண்டை குறையும். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் மனத் தெளிவை இழந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. அதற்குப் பிறகு சொத்தைக் கையாளக் காப்பாளர் நியமனத்துக்கு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வரலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

குழு இந்த விஷயத்தில் தகவல் சொல்வதோடு நிற்க வேண்டும். யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள், ஏடிஎம் கார்டை வாங்கிப் பணம் எடுத்துக் கொடுக்காதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் ஒரு புகார் வந்தால் குழுவே உடைந்துவிடும். உடம்பில் காயம், கட்டி வைத்த தடம், பட்டினி போட்ட அடையாளம், மிரட்டி வாங்கிய கைநாட்டு இவற்றைப் பார்த்தால் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. முதலில் களைப்பினால் நடந்ததா என்று பாருங்கள், அப்படியானால் உதவி நேரத்தை உடனே கூட்டுங்கள். வேண்டுமென்றே நடப்பதாக இருந்தால் 14567.

கடைசிக் கட்டத்தில்

நடை நின்று, பேச்சு நின்று, விழுங்குவது கஷ்டமாகும் காலம் வரும். அப்போது உட்கார்ந்து பேசுவதை விடக் கைவேலை அதிகம் தேவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவரால் முடியாது. நிமிர்த்தி உட்கார வைத்து, கெட்டியாகக் குழைத்த உணவைச் சிறு ஸ்பூனால், முந்தைய வாய் விழுங்கியதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்க அரை மணி நேரமாவது ஆகும். படுக்க வைத்து ஊட்டக் கூடாது, வாயைப் பிடித்துத் திணிக்கவும் கூடாது. மூக்கு வழியே குழாய் போடச் சொன்னால், முற்றிய டிமென்ஷியாவில் அது ஆயுளை நீட்டும் என்பதற்குச் சான்று இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள். கேரளத்தில், முக்கியமாக மலப்புறம், கோழிக்கோடு பக்கங்களில், வலி தணிப்புச் சிகிச்சையை அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே தோளில் சுமக்கிறார்கள், வாரத்தில் சில மணி நேரம் கொடுக்கும் சாதாரண மனிதர்கள், பின்னால் ஒரு நர்ஸும் டாக்டரும். நம் தெருக்குழுவுக்கு அதை விட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இறப்பு நடந்த வீட்டுக்குப் போவதைப் பதினாறாம் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாறு வருடம் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் ஒருவருக்காகவே வாழ்ந்தவருக்கு அதற்குப் பிறகு காலையில் எதற்கு எழுவதென்று தெரியாது. அதே செவ்வாய்க்கிழமை, அதே பத்து மணிக்கு, இன்னும் மூன்று மாதமாவது யாராவது போய் உட்காருங்கள். அவராகவே கேட்டால், அடுத்த வீட்டில் உட்காரும் அட்டவணையில் அவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் ஆறு மாதத்துக்கு முன்னால் நீங்களாகக் கேட்காதீர்கள்.